பட்டியலில் யாருக்கு இடம்? ஹார்லெம் 135ஆம் தெரு நூலகத்தின் வரலாறு

2020ஆம் ஆண்டு ஜனவரியில், தன் 125ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, நியூயார்க் பொது நூலகம் ஒரு பட்டியலை வெளியிட்டது. தொடக்கம் முதல் மிகுதியாக இரவல் பெறப்பட்ட பத்து நூல்கள் அதில் இடம்பெற்றிருந்தன. முதலிடம் எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி வரைந்து 1962இல் வெளியான 'தி ஸ்னோயி டே' என்னும் சிறுவர் படநூலுக்கு. அந்நூல் 4,85,583 முறை இரவல் வழங்கப்பட்டிருந்தது. பனி பெய்த ஒரு காலையில் சிவப்பு மேலங்கி அணிந்து தெருவுக்கு விளையாட வரும் பீட்டர் என்ற சிறுவனின் கதை அது. பீட்டர் கறுப்பினச் சிறுவன். கதையில் அவனது நிறம் ஒரு சிக்கலாகவோ பாடமாகவோ பேசப்படுவதே இல்லை.

அதே பட்டியலின் அடியில் ஒரு குறிப்பும் இருந்தது. மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி 1947இல் வெளியான 'குட்நைட் மூன்' என்ற நூல், எல்லா வகையிலும் அந்தப் பத்தில் இடம்பெற்றிருக்க வேண்டியது; ஆயினும் இடம்பெறவில்லை. காரணம், 1972 வரை அந்நூலை நூலகம் வாங்கவே இல்லை. 1906 முதல் 1941 வரை அந்நூலகத்தின் சிறுவர் பிரிவுக்குத் தலைமை வகித்த ஆன் கரோல் மூர் அம்மையாருக்கு அந்நூல் பிடிக்கவில்லை. அவர் ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆன பின்னரும் அவர் சொல்லுக்கு அத்தகைய செல்வாக்கு இருந்தது.

இவ்விரு செய்திகளும் சேர்ந்து ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றன. நூலக வாசலில் வைக்கப்படும் 'எங்கள் நூலகர்களின் பரிந்துரை' என்ற பலகையைப் பலரும் ஓர் அலங்காரமாகவே காண்கின்றனர். மரபு விழாக்களையும் அவ்வாறே காண்கின்றனர். ஆனால், எந்த நூல் வாங்கப்பட வேண்டும், எந்தக் கதை குழந்தைகளுக்குச் சொல்லப்பட வேண்டும், யாருடைய ஓவியம் சுவரில் தொங்க வேண்டும் என்ற முடிவுகள் அனைத்தும் வரலாற்றில் யாருக்கு இடம் உண்டு என்பதைக் குறித்த தீர்ப்புகளே. அத்தீர்ப்பை வழங்கும் இருக்கையில் யார் அமர்கிறார் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பும் மாறுகிறது. இதற்கு நூலக வரலாறு தரும் சான்றுகளுள் முதன்மையானது, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 135ஆம் தெருவில் இயங்கிய கிளை நூலகம்.

1

1901இல் ஆண்ட்ரூ கார்னகி, நியூயார்க் நகரில் கிளை நூலகங்களைக் கட்டுவதற்காக 52 இலட்சம் டாலர் வழங்க முன்வந்தார். நிலத்தை நகர நிர்வாகம் தர வேண்டும். கட்டடங்களைத் தொடர்ந்து பராமரிக்கவும் வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் திட்டத்தின் கீழ், மெக்கிம், மீட் அண்ட் ஒயிட் என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பில் எழுந்த 135ஆம் தெருக் கிளை 1905இல் திறக்கப்பட்டது. அப்போது அதன் வாசகர்களுள் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அப்பகுதியின் மக்கள்தொகை முற்றிலும் மாறியது. தென் மாநிலங்களின் வன்கொடுமைகளிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்பி வடக்கு நோக்கிப் புலம்பெயர்ந்த கறுப்பின மக்களும், கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்களும் ஹார்லெமில் குடியேறினர். தெரு மாறிவிட்டது, நூலகத்தின் அலமாரிகளோ பழைய வாசகர்களையே எண்ணி அடுக்கப்பட்டிருந்தன.

1920இல் இக்கிளையின் பொறுப்பை ஏற்றவர் எர்னஸ்டைன் ரோஸ் என்ற வெள்ளையினப் பெண்மணி. அதற்குமுன் அவர் யூதக் குடியேறிகள் நிறைந்த கீழ்க்கிழக்குப் பகுதியின் சீவர்ட் பார்க் கிளையில் பணியாற்றியவர். சுற்றிலும் வாழும் மக்களின் மொழியையும் பழக்கவழக்கங்களையும் அறியாத நூலகம் அவர்களுக்கு அந்நியமாகவே இருக்கும் என்பது அவர் அங்கே கற்றுக்கொண்ட பாடம். ஹார்லெமுக்கு வந்ததும், பணியாளர்களிலேயே கறுப்பினத்தவர் இடம்பெற வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். அதே ஆண்டு கேத்தரின் லாட்டிமர் பணியில் சேர்ந்தார். நியூயார்க் பொது நூலகம் நியமித்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்க நூலகர் அவரே. 1921இல் புவெர்த்தோ ரிக்கோவைச் சேர்ந்த பூரா பெல்ப்ரே வந்தார். சில ஆண்டுகளில் ரெஜினா ஆண்டர்சனும், பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற நெல்லா லார்சனும் இக்கிளையில் பணியாற்றினர்.

இந்நியமனங்களின் பின்னரே நூலகத்தின் நிகழ்ச்சிகள் உருமாறத் தொடங்கின என்பது கவனிக்கத்தக்கது. முதலில் விழா, பிறகு ஆட்கள் என்ற வரிசையில் எதுவும் நிகழவில்லை. முதலில் மேசைக்குப் பின்னால் இருந்த முகங்கள் மாறின. அதன் பிறகே சுவரும் அலமாரியும் மாறின.

2

1921இல் இந்நூலகத்தில் கறுப்பினக் கலைஞர்களின் ஓவிய, சிற்பக் கண்காட்சி நடைபெற்றது. ஹார்லெமில் இவ்வகையில் நடைபெற்ற முதல் கண்காட்சி இதுவே. டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ், ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் போன்றோர் இதன் ஏற்பாட்டில் பங்கேற்றனர். அப்போது நூலகப் பணியில் சேராத நெல்லா லார்சன் தன்னார்வலராக உதவினார். அந்த அனுபவமே அவரை நூலகவியல் படிப்பின் பக்கம் திருப்பியது. பெரிய அருங்காட்சியகங்களின் கதவுகள் மூடிக்கிடந்த காலத்தில், தெருமுனையில் இருந்த ஒரு கிளை நூலகம் தன் வாசிப்பறையை ஓவியக்கூடமாக மாற்றிக்கொண்டது.

மாலை வேளைகளில் சொற்பொழிவுகளும் கவிதை வாசிப்புகளும் நூல் விவாதங்களும் நடந்தன. 1926இல் டுபாய்ஸ் தொடங்கிய கிரிக்வா நாடகக் குழு நூலகத்தின் அடித்தளத்தில் நாடகங்களை அரங்கேற்றியது. கறுப்பின மக்களின் அரங்கம் அவர்கள் குடியிருக்கும் இடத்துக்கு அருகிலேயே அமைய வேண்டும் என்பதை டுபாய்ஸ் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். இக்குழுவின் உருவாக்கத்தில் ரெஜினா ஆண்டர்சனுக்கும் பெரும் பங்குண்டு. பகலில் நூல் வழங்கிய அவர், தம் இல்லத்தையும் இளம் எழுத்தாளர்கள் கூடும் இடமாக்கினார். 1940இல் தொடங்கப்பட்ட அமெரிக்க நீக்ரோ நாடகக் குழுவும் அதே அடித்தளத்தில்தான் வளர்ந்தது. சிட்னி பாய்ட்டியரும் ஹாரி பெலஃபான்டேயும் தம் நடிப்புப் பயணத்தை அக்குழுவில் தொடங்கியவர்கள்.

1934இல், அரசின் பொதுக் கலைத் திட்டத்தின் உதவியுடன், ஆரன் டக்ளஸ் இந்நூலகத்துக்காக நான்கு பெரிய ஓவியங்களை வரைந்தார். ஆப்பிரிக்க வாழ்விலிருந்து தொடங்கி, அடிமைமுறை, விடுதலை, மறுசீரமைப்புக் காலம், வடக்கு நோக்கிய புலப்பெயர்வு எனத் தொடர்ந்து, நகர வாழ்வில் முடியும் வரலாறு அவற்றில் தீட்டப்பட்டிருந்தது. பள்ளிப் பாடநூல்களில் காணாத அந்த வரலாற்றை, நூல் எடுக்க வந்த சிறுவர்கள் தலைநிமிர்ந்தபோதெல்லாம் கண்டனர்.

3

நிகழ்ச்சிகள் வாசகர்களை ஈர்த்தன; அதனால் ஓர் எதிர்பாராத இடர்ப்பாடும் தோன்றியது. கறுப்பினத்தவரின் வரலாறு, இலக்கியம் தொடர்பான நூல்கள் மிகக் குறைவு. அவற்றுள் பல அச்சில் இல்லாதவை. அவற்றைத் தேடி வருவோரின் எண்ணிக்கை பெருகப் பெருக, நூல்கள் கிழிந்தும் தேய்ந்தும் போயின. 1924 டிசம்பரில் ரோஸ் ஊர்மக்களின் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். நூல் சேகரிப்பாளர் ஆர்துரோ ஷோம்பர்க், ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன், பேச்சாளரும் அறிஞருமான ஹூபர்ட் ஹாரிசன் போன்றோர் அடங்கிய குழு அமைந்தது. அரிய நூல்களை இரவல் வழங்காமல் தனியே பாதுகாத்து, அங்கேயே படிக்கச் செய்வதென முடிவாயிற்று. 1925 மே மாதத்தில் 'நீக்ரோ இலக்கியம், வரலாறு, அச்சோவியப் பிரிவு' திறக்கப்பட்டது. அதன் பொறுப்பு லாட்டிமரிடம் வந்தது. நாளிதழ்களிலிருந்தும் பருவ இதழ்களிலிருந்தும் செய்திகளை வெட்டி ஒட்டி அவர் தொகுத்த கோப்புகள் பிற்கால ஆய்வாளர்களுக்குப் பெரும் கொடையாயின.

ஷோம்பர்க் 1874இல் புவெர்த்தோ ரிக்கோவின் சான் ஹுவானில் பிறந்தவர். கறுப்பின மக்களுக்கு வரலாறும் இல்லை, வீரர்களும் இல்லை, சாதனைகளும் இல்லை என்று பள்ளி நாள்களில் ஆசிரியர் ஒருவர் சொன்னதே தம் தேடலின் தொடக்கம் என்று அவர் கூறிவந்தார். நியூயார்க்கில் ஒரு வங்கியின் அஞ்சல் பிரிவில் பணியாற்றிக்கொண்டே, அந்தக் கூற்றுக்கு மறுப்பாக ஒரு நூலகத்தையே அவர் திரட்டினார். 1911இல் ஜான் எட்வர்ட் புரூசுடன் இணைந்து நீக்ரோ வரலாற்று ஆய்வுக் கழகத்தை நிறுவினார். அடிமையாக விற்கப்பட்டு, 1773இல் கவிதை நூல் வெளியிட்ட ஃபிலிஸ் வீட்லியின் பதிப்புகள், வானியல் கணக்கில் தேர்ந்த பெஞ்சமின் பானெக்கரின் பஞ்சாங்கங்கள், ஹைட்டி புரட்சியின் தலைவர் தூசேன் லூவெர்த்தூர் தொடர்பான ஆவணங்கள் எனப் பலவும் அவரது சேகரிப்பில் இருந்தன.

1926இல், நகர்ப்புறச் சங்கத்தின் முயற்சியால், கார்னகி அறக்கட்டளை 10,000 டாலர் கொடுத்து இச்சேகரிப்பை வாங்கி நூலகத்துக்கு அளித்தது. 5,000க்கும் மேற்பட்ட நூல்கள், 3,000 கையெழுத்துப்படிகள், 2,000 செதுக்கோவியங்கள், ஆயிரக்கணக்கான சிறுவெளியீடுகள் 135ஆம் தெருவை வந்தடைந்தன. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் கார்ட்டர் ஜி. உட்சன் 'நீக்ரோ வரலாற்று வார'த்தைத் தொடங்கினார். இன்று அமெரிக்க நூலகங்களில் ஒரு மாத காலம் கொண்டாடப்படும் கறுப்பின வரலாற்று மாதத்தின் வேர் அதுவே. ஒருபுறம் விழா, மறுபுறம் ஆவணம். விழா முடிந்த மறுநாளும் சென்று படிக்க ஓர் அறை இருந்தது என்பதே ஹார்லெமின் சிறப்பு. ஆவணம் இல்லாத விழா ஆண்டுக்கு ஒருமுறை எழுந்து அடங்கிவிடும். விழா இல்லாத ஆவணமோ கேட்பாரற்றுக் கிடக்கும்.

4

அச்சில் உள்ளதே அறிவு என்ற நம்பிக்கைக்கு நூலகம் எளிதில் ஆட்படும். இதனை உணர்த்துவது பூரா பெல்ப்ரேயின் வரலாறு. 1920இல் சகோதரியின் திருமணத்துக்காக நியூயார்க் வந்த அவர், மறு ஆண்டு ஸ்பானிய மொழி அறிந்த உதவியாளராக 135ஆம் தெருக் கிளையில் சேர்ந்தார். சிறுவர் பிரிவின் அலமாரிகளில் பல நாட்டு நாட்டார் கதைகள் இருந்தன. புவெர்த்தோ ரிக்கோவின் கதை ஒன்றுகூட இல்லை. பாட்டி வாய்வழியாகச் சொல்லித் தாம் கேட்டு வளர்ந்த கதைகள் எங்கே என்று அவர் தேடினார். அவை யாராலும் அச்சிடப்படவில்லை.

கதை நேரத்தில் அச்சான நூல்களிலிருந்து மட்டுமே கதை சொல்ல வேண்டும் என்பது அந்நூலகத்தின் நெறி. அந்நெறி அவரது மரபைத் தானாகவே வாசலுக்கு வெளியே நிறுத்தியது. யாரும் விலக்க வேண்டும் என்று எண்ணி விலக்கவில்லை. விதியே அப்பணியைச் செய்தது. எழுதப்படாத தம் கதைகளைச் சொல்வதற்குத் தனி அனுமதி பெற்று, அவர் குழந்தைகளை நோக்கிப் பேசத் தொடங்கினார். பெரெஸ் என்ற எலிக்கும் மார்த்தினா என்ற கரப்பான் பூச்சிக்கும் இடையிலான காதல் கதை 1932இல் நூலாயிற்று. 1946இல் அவரது புவெர்த்தோ ரிக்கோ நாட்டார் கதைத் தொகுப்பு ஆங்கிலத்தில் வெளிவந்தது. நூலகத்தில் இல்லாத நூலை நூலகரே எழுதி அலமாரியில் வைத்தார்.

1929இல் 115ஆம் தெருக் கிளைக்கு மாற்றப்பட்டபின், ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் கதை நேரங்களை நடத்தினார், பொம்மலாட்டம் சேர்த்தார், ஜனவரி 6ஆம் நாள் கொண்டாடப்படும் மூன்று அரசர் திருநாளை நூலகத்தின் விழாவாக்கினார். பிழைப்புக்காக வந்து, மொழி தெரியாமல் நகரத்தின் பொதுக் கட்டடங்களுக்குள் நுழையத் தயங்கிய தாய்மார்கள், தம் ஊர்த் திருநாளைக் காண நூலகத்துக்கு வந்தனர். வந்தவர்கள் நூலுடன் திரும்பினர். அமெரிக்க நூலகச் சங்கம் 1996 முதல் வழங்கிவரும் லத்தீன் அமெரிக்க மரபுச் சிறுவர் இலக்கிய விருது அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

5

பரிந்துரைப் பட்டியலின் வரலாற்றில் அகஸ்டா பேக்கரின் பணி தனித்துவமானது. 1937இல் சிறுவர் நூலகராக 135ஆம் தெருவுக்கு வந்த அவர், கறுப்பினக் குழந்தைகள் படிப்பதற்குக் கிடைத்த நூல்களில் அவர்களே எவ்வாறு சித்திரிக்கப்பட்டிருந்தனர் என்பதை ஆராய்ந்தார். தடித்த உதடும் உருண்ட விழியும் கொண்ட கேலிச் சித்திரங்கள். கொச்சையாகத் திரிக்கப்பட்ட பேச்சு. வேலைக்காரர், கோமாளி என்னும் இரண்டே பாத்திரங்கள். நூலகத்துக்கு வரும் குழந்தை, நல்ல நூல் என்று நூலகரே கையில் கொடுத்த நூலைத் திறந்து, அதில் தன்னை இழிவாகக் கண்டது.

இதில் தமிழ் மண்ணோடு தொடர்புடைய ஒரு நூலும் உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹெலன் பானர்மேன், தம் கணவரின் மருத்துவப் பணியின் பொருட்டுச் சென்னை மாகாணத்தில் வாழ்ந்தபோது எழுதி, 1899இல் லண்டனில் வெளியான 'லிட்டில் பிளாக் சாம்போ' என்ற சிறுநூலே அது. கதையில் புலிகள் வருகின்றன. அவை ஒன்றையொன்று துரத்திச் சுழன்று உருகி நெய்யாகின்றன. கதைக்களம் இந்தியச் சாயல் கொண்டது. ஆயினும் அமெரிக்காவை அடைந்ததும், அது கறுப்பினக் குழந்தைகளைக் கேலிசெய்யும் சித்திரங்களுடன் பல பதிப்புகளாகப் பெருகியது. அங்கே இகழ்ச்சிச் சொல்லாக வழங்கிய 'சாம்போ' என்ற பெயர் வகுப்பறைகளில் குழந்தைகளைக் காயப்படுத்தியது. எனினும் அந்நூல் பல பத்தாண்டுகள் நூலகங்களின் பரிந்துரைகளில் நீடித்தது. வெள்ளையினக் குழந்தைக்கு வேடிக்கையாக இருப்பது கறுப்பினக் குழந்தைக்கு வேடிக்கை ஆகாது என்ற பொருளில், 1932இலேயே கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அதனைக் கண்டித்தார். அந்நூலைப் பரிந்துரைத்தவர்கள் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். அந்தக் குழந்தையின் இடத்திலிருந்து அவர்கள் படித்துப் பார்க்கவில்லை.

பேக்கர் அந்த இடத்திலிருந்து படித்தார். 1939இல், முந்தைய ஆண்டு மறைந்த ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் நினைவாக ஒரு சிறுவர் நூல் சேகரிப்பைத் தொடங்கினார். நூல்களைத் தேர்வதற்கு அவர் கொண்ட அளவுகோல்கள் மூன்று: மொழி, கருப்பொருள், ஓவியம். பாத்திரங்கள் இழிவான திரிந்த மொழியில் பேசுகின்றனவா? கதை அவர்களை மனிதர்களாக நடத்துகிறதா? ஓவியம் முகத்தைக் காட்டுகிறதா, கேலியைக் காட்டுகிறதா? இவ்வளவே அவர் கேட்டவை. இவற்றில் தேறிய நூல்களின் பட்டியலை நூலகம் 1946இல் வெளியிட்டது. அது திருத்தப்பட்டு மீண்டும் மீண்டும் வெளிவந்தது. 1971இல் 'சிறுவர் நூல்களில் கறுப்பின அனுபவம்' என்ற பொருள்படும் புதிய தலைப்பைப் பெற்றது.

இப்பட்டியல் இருவகைப் பணியைச் செய்தது. நாடெங்கும் உள்ள நூலகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் எதை வாங்குவது என்று சொன்னது. பதிப்பாளர்களுக்கோ, எது இல்லை என்று சொன்னது. பேக்கர் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் பதிப்பாளர்களையும் தொடர்ந்து அணுகி, அத்தகைய நூல்களை உருவாக்குமாறு வலியுறுத்தினார். அப்படியிருந்தும் மாற்றம் மெதுவாகவே வந்தது. 1965இல் நான்சி லாரிக் வெளியிட்ட ஆய்வு, 1962 முதல் 1964 வரை வெளியான 5,206 சிறுவர் நூல்களைக் கணக்கிட்டது. அவற்றுள் ஒரு கறுப்பினப் பாத்திரமேனும் இடம்பெற்றவை 349 மட்டுமே, அதாவது 6.7 விழுக்காடு. பேக்கரின் பணி எத்தகைய வறட்சியின் நடுவில் நடந்தது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. அந்த மூன்றாண்டுகளின் தொடக்கத்தில்தான் 'தி ஸ்னோயி டே' வெளியாயிற்று. அதன் ஆசிரியர் புரூக்ளினில் பிறந்த யூதர். ஆக, பேக்கர் கேட்டது எழுதுபவரின் பிறப்பை அன்று. எழுதப்படும் குழந்தையின் மாண்பை.

6

இவ்வரலாற்றை வெறும் புகழ்மாலையாக முடித்துவிட இயலாது. கறுப்பின மரபைக் கொண்டாடிய அதே நிறுவனம், தன் கறுப்பினப் பணியாளர்களைக் கீழ்நிலையிலேயே வைத்திருந்தது. தகுதியும் அனுபவமும் இருந்தும், ஹார்லெமுக்கு வெளியே பணியிடமோ பதவி உயர்வோ அவர்களுக்கு எளிதில் கிட்டவில்லை. ரெஜினா ஆண்டர்சனுக்கு உரிய உயர்வு மறுக்கப்பட்டபோது, டுபாய்ஸ் நூலக நிர்வாகத்துக்கு எதிர்ப்புக் கடிதங்கள் எழுத நேர்ந்தது. 1938இல்தான் அவர் 115ஆம் தெருக் கிளையின் பொறுப்பை அடைந்தார்; நியூயார்க் பொது நூலகத்தின் கிளை ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவரே. லாட்டிமர் 1925 முதல் தனிப் பிரிவைக் கட்டிக் காத்துவந்தார். 1932இல் ஷோம்பர்க் அவருக்கு மேலாகக் காப்பாட்சியராக அமர்த்தப்பட்டார். ஷோம்பர்க்கின் தகுதி ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும், ஒரு நிறுவனத்தின் நினைவை ஒழுங்குபடுத்திய பெண்ணின் பெயர் அந்நிறுவனத்தின் வரலாற்றில் அடிக்குறிப்பாகச் சுருங்கிப்போனதை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும். பேக்கரே 1961இல்தான் நகர் முழுவதற்குமான சிறுவர் சேவையின் ஒருங்கிணைப்பாளரானார். பணியில் சேர்ந்து 24 ஆண்டுகள் கடந்திருந்தன.

கண்காட்சியில் இடம் தருவது எளிது. நிர்வாகத்தில் இடம் தருவது கடினம். பண்பாட்டு மரபு நிகழ்ச்சிகளைத் திட்டமிடும் எந்த நிறுவனமும் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டிய இடம் இது. மேடையில் கொண்டாடப்படும் சமூகத்தைச் சேர்ந்தவர், அந்நிகழ்ச்சிக்கு ஒப்புதல் அளிக்கும் இருக்கையில் இருக்கிறாரா? பரிந்துரைப் பட்டியலில் பெயர் காணும் மக்கள், பட்டியலைத் தயாரிக்கும் குழுவிலும் இருக்கின்றனரா? ஹார்லெமின் நூலகர்கள் தம் வாழ்நாள் முழுதும் எழுப்பிய வினாக்கள் இவையே.

7

இப்பணிகளின் பயன் எண்களில் அடங்குவதன்று. 1930களில் ஹார்லெமில் வளர்ந்த ஜேம்ஸ் பால்ட்வின், வாரத்தில் மூன்று நான்கு முறை 135ஆம் தெரு நூலகத்துக்குச் சென்று, அங்கிருந்ததையெல்லாம் படித்ததாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கவிஞர் ஆட்ரி லார்ட் கடும் பார்வைக் குறைபாட்டுடன் பிறந்தவர். நான்கு வயதளவில், நூலகத்தின் தரையில் கிடந்து கத்தி அழுதுகொண்டிருந்த அந்தக் குழந்தையின் அருகில் வந்து, கதை கேட்கிறாயா என்று வினவியவர் அகஸ்டா பேக்கர். கதை முடிந்ததும், தானும் படிக்க வேண்டும் என்று அக்குழந்தை சொன்னது. தம்மைக் காப்பாற்றியது அந்தச் செயலே என்று லார்ட் தம் தன்வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். இரவல் பதிவேடுகளில் இடம்பெறாத நிகழ்வு இது.

ஹார்லெமில் இவை நிகழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1931இல், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீ. இரா. அரங்கநாதன் தம் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். வாசகருக்கு உரிய நூலையும் நூலுக்கு உரிய வாசகரையும் இணைப்பதே நூலகத்தின் கடமை என்பது அவற்றின் உட்கிடை. இந்தியாவில் நூலகவியல் பயிலும் ஒவ்வொருவரும் முதல் பருவத்திலேயே இதனைக் கற்கின்றனர். ஹார்லெமின் அனுபவம் இதனுடன் ஒரு வினாவைச் சேர்க்கிறது: ஒரு வாசகருக்கு உரிய நூல் இன்னும் எழுதப்படவே இல்லையென்றால், நூலகர் என்ன செய்வது? பெல்ப்ரே தாமே எழுதினார். லாட்டிமர் நாளிதழ்களை வெட்டித் தொகுத்தார். ஷோம்பர்க் பழைய புத்தகக் கடைகளில் தேடினார். பேக்கர் எழுதச் சொல்லிப் பதிப்பாளர்களிடம் வாதாடினார். நால்வரும், நூல் இல்லை என்ற விடையுடன் வாசகரைத் திருப்பி அனுப்ப மறுத்தவர்கள்.

ஷோம்பர்க் 1938இல் மறைந்தார். 1940இல் அச்சேகரிப்பு அவர் பெயரைப் பெற்றது. 1972இல் நியூயார்க் பொது நூலகத்தின் ஆய்வு நூலகங்களுள் ஒன்றாக உயர்ந்தது. 1925இல் ஒரு கிளை நூலகத்தில், தேய்ந்த நூல்களைக் காக்கத் தொடங்கிய பிரிவு, 2025 மே மாதத்தில் நூறாண்டுகளை நிறைவு செய்தது. இன்று அங்கே ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன.

1921இல், பத்தொன்பது, இருபது வயது இளைஞராக நியூயார்க் வந்த லாங்ஸ்டன் ஹியூஸ், முதலில் தங்கியது 135ஆம் தெருவில் இருந்த இளைஞர் விடுதியில். வந்த சில நாள்களிலேயே அருகிலிருந்த நூலகத்துக்குள் சென்றார். அங்கே அவரை வரவேற்றவர்களுள் தம் இனத்தைச் சேர்ந்த நூலகர்களும் இருந்தனர். 1967இல் அவர் மறைந்தார். 1991இல் அவரது அஸ்தி ஷோம்பர்க் மையத்தின் தரையின் கீழ் வைக்கப்பட்டது. அதன்மேல், அவரையும் ஷோம்பர்க்கையும் போற்றும் வகையில், ஆறுகளைக் கருவாகக் கொண்ட வட்ட வடிவம் ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. நூல் தேடி வருவோர் அதனைக் காணலாம்.